சொல்லுக்குச் சொல்

பொத்துவில் நீதிமன்றில்
சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளன் நான்.
காணிச் சண்டை, கள்ளமாடு, தாபரிப்புக் காசு
எல்லாவற்றுக்கும் மூன்று மொழியிலும் சொல் வைத்திருக்கிறேன்.
அன்று மேசையில் பரப்பிய பொருட்களுக்கு
ஒன்றிலும் இல்லை.

சுண்டுவிரல் உயரத்தில் ஒரு குப்பி,
அடியில் மஞ்சளாய் ஏதோ அப்பிக் கிடந்தது.
மெழுகுத்தாள் மடிப்பில்
உடைந்த கண்ணாடிபோல் பொன்னிறச் சில்லு.
எழுதாத பேனை ஒன்று.
தலைமயிர் நீட்டும் மின்கருவி;
முதலாம் எதிரியோ மொட்டைத்தலை.

எஸ்பென், டென்மார்க்காரன்,
அறுகம்பேயில் அலைக்காக வந்து மூன்று மாதம்.
இரண்டாம் எதிரி ஆதம்லெப்பை முபீத்,
முச்சக்கரவண்டிச் சாரதி.

என்ன இதெல்லாம் என்றார் நீதவான்.
எஸ்பென் வகுப்பெடுப்பவன்போல் தொடங்கினான்.
கஞ்சாப் பூவல்ல இது,
பூவின்மேல் பனிபோல் நிற்கிற பசை மட்டும்.
சூட்டில் நசுக்கி எடுத்தால் ரொசின்,
அதற்குத்தான் அந்த மயிர்க்கருவி.
வாயுவில் கழுவி எடுத்தால் ஷற்றர்,
கிளறிவிட்டால் அதுவே வக்ஸ்.
பூவில் வீரியம் நூற்றுக்கு இருபதென்றால்
இதில் எழுபது, எண்பது.
சுருட்டிப் பற்றவைப்பதில்லை,
காய்ச்சிய உலோகத்தில் ஒரு துளி வைத்து
எழும் ஆவியை இழுப்பது.
பேனை, சோம்பேறிகளுக்கு.

பிசின் என்றேன். மெழுகு என்றேன்.
ஷற்றருக்கு 'நொறுங்கி' என்று சொல்லி
உடனே வாபஸ் வாங்கி, 'சில்லு' என்றேன்.
துளி என்றால் எவ்வளவு?
அரிசிமணி.
அவணத்தில் நெல் அளக்கிற ஊர்.
எழுத்தர் தலையை நிமிர்த்தி
என்னைப் பார்த்தார், அவனையல்ல.

தன்மையில் சொன்னதைத் தன்மையிலேயே பெயர்ப்பது விதி.
'முதல் நாள் அளவு தெரியாமல் இழுத்தேன்,
குளியலறைத் தரையில் ஆறு மணித்தியாலம் கிடந்தேன்,
என் இதயம் பக்கத்து அறையில் அடிப்பதுபோல் கேட்டது'
என்று நான் உரக்கச் சொன்னபோது
பின் வாங்கில் யாரோ சிரித்தார்கள்.
என் மனைவியின் மச்சான் அங்கேதான் இருந்தான்.

மறுகா, கைபேசி.
எஸ்பென் முபீதுக்கு அனுப்பிய ஒரே வரி:
ஹனி கொண்டு வா, சகோதரா, இரவைக்கு.

ஹனி என்றால்? பொலிஸ் தரப்பு கேட்டது.
தேன்.
அது அகராதியில. இவங்களுக்குள்ள?
நான் இவங்களுக்குள்ள இல்ல, ஐயா.

"தேன் எண்டுதான் சேர் நினச்சன்.
பாணமையில ஒரு வெள்ளக்காரன் பொட்டலம் தந்தான்,
கொண்டு குடுத்தன், நாலாயிரம் தந்தாங்க."
இத்தனூண்டு தேனுக்கு நாலாயிரமா?
"தேங்காய்க்கே ஆயிரம் குடுக்கிறவங்க, சேர்."
இம்முறை நீதவானும் சிரித்தார்.

எஸ்பெனுக்குக் கொழும்பிலிருந்து வந்த சட்டத்தரணி,
குளிர் வாகனம், பிணை.
முபீதுக்குப் பிணை நின்ற மாமனாரின் கடிதத்தில்
கிராம சேவகர் முத்திரை இல்லை.
அடுத்த தவணைவரை விளக்கமறியல்.

சிறைச்சாலை பஸ்ஸில் ஏறுமுன் கேட்டான்:
"தேன் எண்டுதானே எழுதின நீங்க?"
ஓம்.
"அல்லாஹ் போதும்."
சொல்லும்போது
என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
சான்றுப்பொருளைச் சீல் வைக்க
எழுத்தர் மெழுகுத்தாளைத் திறந்தார்.
பட்டியலில் 'சில்லு' என்றிருந்தது.
தாளில் சில்லு இல்லை.
மாசிப் புழுக்கத்தில், மூடிய அறையில்
இளகி, பளபளத்து,
தாள் ஓரத்துக்கு மெல்ல
நூலாய் இறங்கிக்கொண்டிருந்தது.
இதை இப்ப என்னண்டு எழுத, என்றார்.

என் பேனையை,
எழுதுகிற பேனையை,
மூடிச் சட்டைப்பையில் செருகினேன்.