சுருக்கு ஸ்கேல்

கணபதியில், பவுண்டரிச் சந்துக்குள்
பம்புக்குப் பேட்டர்ன் செதுக்குகிறவன் நான்.
முதலில் மரம்.
மரத்தை மண்ணில் அமுக்கி எடுத்தால் ஒரு குழி.
குழிக்குள் இரும்பு வந்து படுக்கும்.
இருபத்தாறு வருசமாய் இதே வரிசை.

டாக்டர் மரகதமணி அதைத் தலைகீழாக்கினார்.
காங்கேயத்தில் மாட்டு டாக்டர்.
லைசென்ஸ் புத்தகம், கடைக்காரர் கடுதாசி,
கித்தான் உறைக்குள் ஒரு பாயிண்ட் டூ டூ,
பிறந்த வருசம் ஐம்பத்து மூன்று.
வால்பாறை பங்களா ஒன்றில் கரையான்
கட்டையைத் தின்று முடித்து
இரும்பை மட்டும் விட்டுவைத்திருந்தது.
"இதுக்கு ஒடம்பு ஒண்ணு வேணுங்க,
எடது தோளுக்கு."

வலது கண்ணை ஒரு எருமை வாங்கிக்கொண்டது.
ஊசி இறங்கும் நேரம் வால் ஒரு வீச்சு.
வாலில் நெருஞ்சி.
அவ்வளவுதான் சொன்னார்,
அடுத்து மரம் எதுவென்று கேட்டார்.

அக்ரூட் விலை விசாரித்து இரண்டு பேரும் சிரித்தோம்.
வெள்ளகோவிலில் செக்குக்கு அறுத்த வாகையில்
ஒரு துண்டு மிச்சம் கிடந்தது.
வாகை சூடுவதெல்லாம் ஏட்டில்.
பட்டறையில் அது தும்மல்.
மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இழைத்தேன்.

இரும்பை என்னிடம் விட்டுப் போக விதியில்லை.
ஞாயிறுதோறும் துப்பாக்கியோடு வருவார்,
ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், அதோடு போவார்.
சிம்னி விளக்குக் கரியைக் குழலில் பூசி
மரத்தில் வைத்து எடுப்பேன்.
கறுப்பு ஒட்டிய இடத்தை மட்டும் உளி சுரண்டும்.
மறுபடி கரி. மறுபடி வைத்து எடுப்பு.
நூறுக்குமேல் எண்ணவில்லை.
ஒருநாள் காலித் தோட்டா ஒன்றை உள்ளங்கையில் வைத்தார்.
நடுவில் காயமே இல்லை,
விளிம்பில் ஒரே ஒரு பல் தடம்.
"ஓரத்துல தட்டுனாத்தானுங்க இது பேசும்."
எங்கள் சந்தில் பாதிப்பேர் அந்த ஜாதிதான் என்றேன்.

பங்குனியில் தேர்தல் தேதி சொன்னார்கள்.
லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷனுக்கு.
ரைட்டர் சீட்டெழுதிக் கட்டினாராம்:
'குழல் ஒன்று. கட்டை இல்லை.'

கட்டை என்னிடம் இருந்தது,
நடுவில் ஒரு பள்ளத்தோடு.
ஈரத்துணி ஒற்றி அனல் காட்டினால்
மரத்தின் மயிர் சிலிர்த்து நிற்கும்.
உப்புத்தாளால் தேய்த்துப் படுக்கவைத்தால்
அடுத்த ஈரத்துக்கு மறுபடி எழும்.
ஐந்தாம் முறைதான் அடங்கியது.
பிறகு ஆளிவிதை எண்ணெய், இரண்டே சொட்டு,
உள்ளங்கை சுடச்சுட.
வெளியே ஆட்டோக்கள் ஓட்டுக் கேட்டுப் போயின.
நான் ஒரு கன்னத்துக்கு மேடு தேய்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணிக்கை முடிந்த மறுவாரம் இரும்பு திரும்பியது.
பள்ளத்தில் வைத்தேன்.
நகைப்பெட்டி மூடுகிற சத்தம்.
டாக்டர் தோளில் ஏற்றினார்,
கன்னம் சாய்த்தார், இறக்கினார், மறுபடி ஏற்றினார்.
"நீளமுங்க. கழுத்த நீட்ட வேண்டியிருக்குது."

எப்படி நீளும்?
பதிமூன்றரை அங்குலம், நானே வைத்த அளவு.
ஸ்கேலைத் திருப்பிப் பார்த்தேன்.
சுருக்கு ஸ்கேல்.
வார்த்த இரும்பு ஆறும்போது சுருங்கும் என்று
அங்குலத்துக்கு அங்குலம்
கொஞ்சம் கூட்டிச் சொல்லும் ஸ்கேல்.
இருபத்தாறு வருசம் அந்தப் பொய்யில்தான்
பம்பெல்லாம் சரியாய் வந்தது.
முகம் ஆறிச் சுருங்கும் என்று
யார் கணக்குப் போட்டது?

அவரிடம் சொல்லவில்லை.
பின்புறம் மூன்றரை மில்லி அறுத்தேன்,
அந்த ஓரத்துக்கு மட்டும் எண்ணெய்
முதலிலிருந்து.

ஆடியில் ஒரு அட்டையோடு வந்தார்.
ஐந்து ஓட்டை.
நான்கு கீழே, ஒரு பக்கமாய் ஒதுங்கி,
ஒன்று மட்டும் கறுப்புக்குள்.
அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்,
ஐந்து ஓட்டையிலும் சந்து தெரிந்தது.

"கட்டை சரிங்க," என்றார்.
"கண்ணுதான் இன்னும் படிச்சுட்டிருக்குது."