சராசரியில் பிழையில்லை

"சல்லாரிச் சத்தம் கலங்கிக் கிடக்கு, பிள்ளை.
தண்ணிக்குள்ள காசு பாத்த மாதிரி."
போன மாசம் தாங்கள் பதிந்த கூத்தையும்
அதைப் பாடவைக்கிற டிஜிட்டல் பெட்டியையும்
என் மேசையில் வைத்துப் போனார்
குருநகர் யூஜின் மரியதாசன்.

ஸ்டான்லி வீதி. பக்கத்துக் கடை ஜெனரேட்டர்.
அலைகாட்டியைக் கொளுவிப் பார்த்தேன்.
நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு எண்கள்.
ஒன்றும் தொலையவில்லை,
ஒன்றும் மாறவில்லை.
வந்த நேரம்தான் கோணல்:
ஒன்று மயிரிழை முந்தி,
அடுத்தது மயிரிழை பிந்தி.

பருத்தித்துறை 750 பஸ்ஸை நினையுங்கள்.
கால்மணிக்கு ஒன்று என்கிறார்கள்.
ஒன்று ஐந்து நிமிடத்தில் வரும்,
மற்றது இருபத்தைந்தில்.
கூட்டி வகுத்தால் அச்சொட்டு.
நெல்லியடிச் சந்தியில்
கைக்குழந்தையோடு நிற்கிறவளிடம்
போய்ச் சொல்லிப் பாருங்கள், சராசரியை.

மத்தளத்தின் அடித்தொனி எங்கள் தரை மாதிரி.
கொஞ்சம் தள்ளிக் கால் வைத்தாலும்
உயரம் அதேதான்.
சல்லாரி செங்குத்து.
இம்மி பிந்தினால் அந்த உயரம் அங்கே இல்லை,
சரியான எண்ணே
பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

நேரம் சொல்லுகிற பளிங்கைக் குறை சொல்ல மனமில்லை.
அதற்கு ஊட்டுகிற மின்சாரத்திலேயே நடுக்கம்.
என்றாலும் இரண்டையும் மாற்றிவிடலாம் என்று
கொழும்புக்கு ஓர்டர் போட்டேன்.
பார்சல் இரண்டு நாள் பிந்தி வந்தது
(சிரிக்காதீர்கள்).

உறையைக் கிழிக்கிற நேரம் அவர் வந்துவிட்டார்.
தூசி தட்டி மூடி மட்டும் போட்டிருந்த பெட்டியை
தானே கொளுவினார்,
கண்ணை மூடினார்.
அரசன் வரவு. சல்லாரி.
"ஆ! இப்பதான் தெளிவு.
ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக் கேக்குது.
உன்ர கை ராசிக் கை."

புதுப் பளிங்கு என் உள்ளங்கையில்,
அரிசியளவு.
அலைகாட்டியில் பழைய நடுக்கம் அப்படியே.
எனக்கே அந்த நேரம்
கொஞ்சம் தெளிவாகத்தான் கேட்டது.

வாயைத் திறந்தேன்.
சொல்லவேண்டிய சொற்கள் எல்லாம் இருந்தன,
வரிசையும் பிழையில்லை.
அதற்குள் அவர் காசை எண்ணத் தொடங்கியிருந்தார்.

"செவ்வாய்க்கிழமை ஒருக்காக் கொண்டுவாங்கோ"
என்றேன்.
"ஒரு ஸ்குரூ இறுக்கக் கிடக்கு."