மதியம் ஒரு மணி

கருப்பூர் தாண்டி, சுண்ணாம்புக் கரட்டின் பின்பக்கம்
வெள்ளைக்கல் தோண்டிவிட்டுப் போன குழியில்
பொங்கியண்ணனின் ஏழரை ஹெச்பி மோட்டார் விழுந்துவிட்டது.
கிணறு மாதிரிதான் என்றார் போனில்.
கிணற்றில் எதையும் எடுப்பேன்.
மேச்சேரியில் செம்மறி எடுத்திருக்கிறேன்,
ஓமலூரில் ஒரு கல்யாண அண்டா.
ஆனால் கிணற்றுக்கு அக்கரை கிடையாது.
இதற்கு இருந்தது. அங்கே ஒருவன் பைக் கழுவிக்கொண்டிருந்தான்.

கயிற்றை லூர்துமேரி பிடித்துக்கொண்டாள்.
ஓர் இழுப்பு: இருக்கிறாயா.
இரண்டு: கிடைத்தது.
மூன்றுக்கு நாங்கள் இதுவரை வேலை கொடுத்ததில்லை.

மேல்தண்ணீர் மயில்துத்தம் கரைத்த நிறம்.
மூன்று ஆள் ஆழத்தில் குளிர் ஒரு கோடு கிழித்திருக்கிறது.
தலைகீழாக இறங்கினேன்:
நெற்றியில் மார்கழி,
குதிகாலில் இன்னும் சித்திரை.

சுவர் நெடுக ஜாக்ஹாம்மர் துளைகளின் பாதித் தடம்,
இரண்டு விரல் வைத்தால் பொருந்துகிறது.
கறுத்த பாறைக்குள் வெள்ளைக்கல் நரம்பு ஒன்று
டார்ச் பட்டதும் விழித்து, கொஞ்ச தூரம் ஓடி,
இருட்டுக்குள் போய்விட்டது.

அடியில் லாரிப் பாதை.
பாரத்தோடு முதல் கியரில் இருமி ஏறிய வளைவில்
ஜிலேபிக் கெண்டைகள் ஹாரன் அடிக்காமல் திரும்புகின்றன.
நானும் இடதுபக்கமாகவே நீந்தினேன்.
ஏனென்று கேட்டால் தெரியாது.

அங்கேதான் அந்தப் பலகை.
பாசியைத் துடைத்தேன்.
வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் எழுத்து சிவந்தது:

வெடி வைக்கும் நேரம் மதியம் 1 மணி
சங்கு ஊதியதும் விலகவும்

என் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

சிரிப்பு வந்தது.
வாயில் ரெகுலேட்டர் இருக்கையில் சிரிக்கக் கூடாது.
மோட்டார் ஆறடி தள்ளி, பச்சைப் பெயின்ட்டோடு,
ஒருக்களித்துக் கிடக்கிறது; கை நீட்டினால் போதும்.
நீட்டவில்லை.
பாறையோடு முதுகை ஒட்டி, முட்டியை மடக்கி,
தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டேன்.
சங்கு என்று ஒன்றும் இல்லை.
என் மூச்சுதான்: உள்ளே ஒரு சீறல்,
வெளியே குமிழிகள்.

ஒரு மணி.
ஒரு கெண்டை வந்து பலகையின் ஆணியைக் கொத்திப் பார்த்தது.
கயிறு இழுபட்டது.
பதில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.
மறுபடி இழுபட்டது.
மறுபடி.

மேலே வந்ததும் லூர்துமேரி ஒன்றும் கேட்கவில்லை.
தட்டுவடை செட் பொட்டலத்தை நீட்டினாள்;
அவள் உள்ளங்கையில் கயிற்றின் முறுக்கு
அப்படியே பதிந்திருந்தது.

கிடக்குதா, என்றார் பொங்கியண்ணன்.
கிடக்குது.
ஒன்றேகாலுக்கு மேல் எடுக்கலாம், என்றேன்.