கழுத்துக்குக் கேட்கவில்லை

குத்துதா, அழுத்துதா, அடிக்குதா என்று
மூன்று ஜெர்மன் சொற்களை
மேசையில் வைத்தாள் டொக்டர் பிரோட்பெக்.
மூன்றும் என் அளவில்லை.
தலை இடிக்குது என்றால்
பாசலில் ஆருக்கு விளங்கும்?
மாவிடிக்கிற மாதிரி கையால் காட்டினேன்.
‘அடிக்குது’ என்று எழுதிக்கொண்டாள்.

இரண்டு வருடம்.
முதலில் மூக்குக்கண்ணாடி மாற்றினேன்,
பிறகு மாற்றியதை மாற்றினேன்.
நேசராசன் ஒரு தலையணை வாங்கிவந்தார்,
நூற்றிப்பத்து பிராங்க், கழுத்துக்கு நல்லதாம்.
கழுத்தில்தான் இருந்தது விஷயம்,
பின்பக்கம் அல்ல.

வீசன்பிளாட்ஸ் டிப்போவில்
இரவுக்கு ஒன்பது டிராம் துடைப்பேன்.
அந்த மாரியில் ஆறு.
பிறகு ஐந்து.
ஜூன் மாதமும் கம்பளிக் காலுறை,
குளிக்கிற இடத்துக் குழியில் மயிர்ப்பந்து,
புருவத்தின் வால் தேய்ந்து
முடிக்காமல் விட்ட கோடு.
சோம்பல் என்றது வீடு.
வயசு என்றேன் நானே.
பிரிஷ்டினாக்காரி திரித்தா மட்டும்
வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:
உன் குரல் தடித்துப்போச்சு,
என் அக்காவுக்கும் இப்படித்தான். போய் இரத்தம் குடு.

முப்பத்தெட்டு வந்தது.
நாலுக்குக் கிட்ட நிற்கவேண்டிய எண்.
கூடினால் நல்லதுதானே?
இல்லை, இது தைராய்டின் எண் இல்லை என்றாள்.
மூளைக்கு அடியில் ஒரு பட்டாணி,
அது சுரப்பியைக் கூப்பிடுகிற சத்தம்.
சுரப்பி அசையவில்லை.
சத்தம் கூடிக்கொண்டே போகுது.

அப்ப, அந்தக் கத்தல்தான் என் தலையிடியா?
சிரித்தாள். அப்படி நேராய்ச் சொல்லேலாது,
இரண்டும் சேர்ந்து வருகிறது உண்டு,
ஏனென்று முழுக்கத் தெரியாது.
தெரியாது என்று ஒரு டொக்டர் சொல்லி
அன்றுதான் கேட்டேன்.
அவளில் நம்பிக்கை வந்ததும் அன்றுதான்.

விடிய வேலையால் வந்து
ஒரு வெள்ளைக் குளிசை, பச்சைத் தண்ணி.
பிறகு அரைமணி தேத்தண்ணி கிடையாது.
கேத்தில் என்னைப் பார்க்கும், நான் கேத்திலை.
அவசரமே இல்லை குளிசைக்கு.
ஏழாம் வாரம், எட்டாம் இலக்க டிராமில்
யாரோ ஜன்னலில் கீறிய பெயரைத் தேய்க்கும்போது
எதையோ காணவில்லையே என்று நின்றேன்.
பிரிட்ஜ் நின்ற பிறகுதானே
அது இரைந்தது தெரியும், அப்படி.

முழுக்கப் போகவில்லை.
மழைக்கு முதல்நாள் எட்டிப்பார்க்கும்.
இடிக்காது, தட்டும்.

நேற்று இரத்தப் பரிசோதனை பில் வந்தது.
காப்புறுதி ஒரு சதமும் தராதாம்,
அவ்வளவும் எங்கள் கையால்.
இதென்ன தலையிடி என்று
நெற்றியைப் பிடித்தார் நேசராசன்.

எந்த மாதிரி என்றேன்,
குத்துதா, அழுத்துதா?