நாலு மணிக்கான டயர்

அட்டையில் கோடைக்கால டயர் என்று போட்டிருக்கிறது.
செந்தூலில் நின்று படித்தால் சிரிப்பு வருகிறது.
தமிழ்ப்பள்ளியில் ஆறு பருவம் மனப்பாடம் செய்தவள் நான்.
முன்பனி முதலா பின்பனி முதலா என்று குழம்பி
பாதி மதிப்பெண் போனது.
இந்த ஊருக்கு இரண்டே பொழுது:
மூன்றரை வரை வெயில்,
நாலு மணிக்கு மழை.

கொக் வா கடையில் ஜாக்கி மேல் நிற்கிறது என் காடி.
மஞ்சள். டர்போ. ஐந்தாம் கை.
வாங்கிய அன்றே அண்ணன் கேட்டான்,
பல்லக்கு சரி, பாதை எங்கே என்று.
ரப்பர் என்றதும் தோட்டத்துக் கதையை எடுத்துவிடாதே
என்றும் சொல்லித்தான் அனுப்பினான்.
எடுக்கவில்லை.
வந்தது டயர் வாங்க.

இருநூற்று இருபத்தைந்து, நாற்பத்தைந்து, பதினேழு.
ஜாதகம் போல் எண்ணை நீட்டினேன்.
கொக் வா மூன்று வரனை உருட்டிக்கொண்டு வந்தார்.

முதலாவது பந்தயத் தடத்துப் பையன்.
பள்ளம் குறைவு, ரப்பர் மெது,
நகம் வைத்தால் தடம் விழுகிறது.
"காய்ஞ்ச ரோட்ல பிசின் மாதிரி ஒட்டும், மிஸ்ஸி.
ஒரு வருஷம் தாங்காது. மழையில..."
மிச்சத்தைப் பேசாமல்
உள்ளங்கையைக் காற்றில் வழுக்கிக் காட்டினார்.

இரண்டாவது நல்ல பிள்ளை.
அறுபதாயிரம் கிலோமீட்டர் முனகாமல் உழைக்கும்.
வளைவு வந்தால் மட்டும்
வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்னும்.

மூன்றாவதன் முதுகில் நாலு அகல வாய்க்கால்.
விளிம்பு மட்டும் முரட்டுத்தனமாய்.
விலை கேட்டேன்.
ஒன்று எழுநூற்று எண்பது வெள்ளி.
கோப்பி ஓ கையிலேயே ஆறியது.

மனம் முதலாவதிடம்தான், பொய் சொல்வானேன்.
ஞாயிறு ஆறரைக்கு உலு யாம் வளைவுகளில்
மூங்கில் இலை உதிர்ந்து கிடக்கும்,
குரங்குகூட எழுந்திருக்காது,
மூன்றாம் கியரில் முனை திரும்பும்போது
வயிற்றுக்குள் ஒரு பறவை எழும்பும்.
அந்தப் பறவைக்காகத்தான் இந்தக் கடன் எல்லாம்.
ஆனால் கணக்குப் போட்டேன்:
வாரத்தில் அது முக்கால் மணி.
மீதி நாளெல்லாம்
மூன்றரைக்கு வேலை முடிந்து
டியூக் நெடுஞ்சாலையில் வைப்பர் ஆட,
முன்னே சிவப்பு விளக்குகள் நீரில் கரைய,
ஊர்ந்து, பாய்ந்து, திடீரென்று நின்று.

எக்ஸ்ரே எடுப்பவள் நான்.
மழை நாளில் வரிசை கதவுக்கு வெளியே போகும்.
மணிக்கட்டு, காறை எலும்பு, முழங்கால்.
யார் மேல் தப்பு என்று எலும்பில் தெரியாது.
அசையாதீங்க, கையை விரிச்சு வைங்க என்பேன்.
வைப்பார்கள், நடுங்க நடுங்க.

பொருத்திக்கொண்டிருந்த வங்காளப் பையன் ஷோஹாக்
கறுத்த கையை டயர் மேல் பதித்தான்.
"ரோட்டைத் தொடுறது இவ்ளோதான், காக்கா," மலாயில்.
"நாலு சக்கரத்துக்கு நாலு கை."
ஆயிரத்து முந்நூறு கிலோ,
நான்,
என் பறவை,
எல்லாம் அந்த நாலு கையில்.

மூன்றாவதைப் போடச் சொன்னேன்.

அதற்குள் குனிந்து பக்கச்சுவரைப் படித்தேன்.
பிறந்த வாரம், பிறந்த வருஷம்.
மூன்று ஒரே வயது.
நாலாவது இரண்டு வருஷம் மூத்தது.
விரலால் தட்டினேன்.
கொக் வா வாய்விட்டுச் சிரித்தார்:
"எல்லாரும் பேரைத்தான் பார்ப்பாங்க.
நீங்க பிறந்த தேதி பார்க்கிறீங்க!"
சிரித்தபடியே உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தார்.
ஐம்பது வெள்ளியும் குறைத்தார்,
வெட்கமோ என்னவோ.

பணம் எண்ணிக் கொடுத்தபின் சொல்கிறார்,
முதல் இருநூறு கிலோமீட்டர் மெதுவாய்ப் போகணுமாம்.
அச்சிலிருந்து வந்த வழவழப்பு
ரோட்டில் தேய்ந்து தேய்ந்துதான் போகணுமாம்.

ஆக இதோ,
மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளியை மாட்டிக்கொண்டு
கேஸ் லோரிக்குப் பின்னால்
இடது ஓரத்தில் அறுபதில் போகிறேன்.
கதவு நசுங்கிய பழைய கன்ச்சில் ஒன்று
ஹாரன் அடித்து முந்துகிறது.
ஓட்டுகிற மாமா கைகூட ஆட்டுகிறார்.

மணி மூன்று ஐம்பத்தெட்டு.
கண்ணாடியில் முதல் துளி.