அளபெடை

மருதானையில், ரயில் பாலத்துக்குப் பின்புறம்,
பதினொரு வருடமாகப் படம் ஓடாத தியேட்டரை
நவ்ஷர் ஹாஜியார் கல்யாண மண்டபமாக்கப் போகிறார்.
"கதச்சா ஒண்டும் வெளங்குதில்ல மகள்,
செவரெல்லாம் திருப்பிக் கதைக்கிது."

போன மாதம்தான் இருக்கைகளைக் கழற்றி விற்றாராம்.
அறுநூற்றுப் பன்னிரண்டு, பஞ்சு பிதுங்கியவை.
அதுவரை கூடம் வாய் திறந்ததில்லை.

நடுவில் நின்று விரலைச் சொடுக்கினேன்.
ஒரு மாத்திரை என்பது ஒரு கைநொடி
என்றுதான் இலக்கண வகுப்பில் படித்தோம்.
இந்தக் கூடத்துக்கு அந்தக் கணக்குத் தெரியாது.
நொடி முதலில் நேரே காதுக்கு வந்தது.
பிறகு இடச்சுவரிலிருந்து,
பால்கனியின் அடிவயிற்றிலிருந்து,
திரை இருந்த வெள்ளைச் சதுரத்திலிருந்து,
பிறகு எதிலிருந்து என்று பிரிக்கமுடியாமல்
எல்லாவற்றிலிருந்தும்.

லோகிதன் மேடையேறி
"மணமகளை அழைத்து வாருங்கள்" என்றான்.
எனக்கு வந்து சேர்ந்தது:
அ அ அ அ ஐ, அ ஐ உ, ஆ உ அ.
மெய்கள் வழியிலேயே மூழ்கிவிட்டன.
முந்திய எழுத்தின் உயிர் அடங்காமல் நீண்டு
அடுத்த எழுத்தின் மெய்மேல் படுத்துக்கொள்கிறது.
"உயிர் போகாததுதான் இங்கே பிரச்சினை"
என்று குறிப்பேட்டில் எழுதி, வெட்டினேன்.
ஹாஜியார் வாசிப்பார்.

அளப்பதற்குப் பலூன் உடைக்கவேண்டும்.
பத்து லட்சத்தில் ஒரு பங்காக ஒலி தேயும்வரை
எத்தனை விநாடி என்று பார்க்கவேண்டும்.
கொழும்பில் அது நடப்பதில்லை.
ஆயிரத்தில் ஒரு பங்கை எட்டுமுன்பே
பாணந்துறை ரயில் வந்துவிடும்,
"பொரளை பொரளை" என்று ஒருவன் தகரத்தில் தட்டுவான்,
எதிர்க்கடையில் கொத்து தொடங்கும்.
ஓசையின் வால் நகரத்துக்குள் நுழைந்து காணாமல் போகும்.
முதல் சரிவை மட்டும் அளந்து
மிச்சத்துக்கு ஒரு கோடு கீறுவோம்.
என் தொழிலில் பாதி இந்தக் கோடுதான்.

அன்று பின்னேரம் திடீரென்று ஊரடங்கு.
பாஸ் கிடைக்காமல் உள்ளேயே இருந்தோம்,
ஒரு பக்கெட் பிஸ்கட், ஒரு போத்தல் தண்ணீர்.
பத்தரை மணிக்கு மருதானை
மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் கிடந்தது.
இப்போது, என்றேன்.
லோகிதன் சிவப்புப் பலூனை ஊசியால் தொட்டான்.

நான்கு விநாடி, புள்ளி மூன்று.
கீழே, இன்னும் கீழே போய்
என் காது கைவிட்ட இடத்துக்கும் அப்பால்
கருவி அதைப் பிடித்துக்கொண்டே போனது.
கோடு கீற வேலை இருக்கவில்லை.
பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை.
துள்ளவேண்டும்போல் இருந்தது.

கதவிடுக்கால் பார்த்தேன்.
எதிர் மாடிவீட்டின் நான்காம் தட்டில் விளக்கு அணைந்தது.
பிறகு மூன்றாம் தட்டு.
பிறகு பக்கத்துக் கட்டடம்.
யாரோ ஒரு ஜன்னலைச் சாத்தினார்கள்,
கொளுக்கி விழும் சத்தம் வராமல்
கையால் தாங்கிப் பிடித்தபடி.

"பலூன்தான் எண்டு கத்தட்டா?"
லோகிதன் கேட்டான்.
கத்தவில்லை.
கருவியை அணைக்காமல் பக்கத்தில் வைத்திருந்தோம்.
அதன் திரையில் கோடு தரையோடு கிடந்தது.
விடியும்வரை ஒரு விளக்கும் திரும்பவில்லை.

அறிக்கையில் எழுதியவை:
சுவருக்குத் தடித்த துணி, கூரைக்குப் பஞ்சுப் பலகை.
ஐந்நூறு பேர் வந்து உட்கார்ந்தால்
அவர்கள் உடுப்பும் உடம்புமே பாதியைக் குடித்துவிடும்.
ஒன்றரை விநாடியில் அடங்கும்.

ஹாஜியார் பில்லை இரண்டு தரம் புரட்டினார்.
"ஒரு பலூன ஒடைக்க
எதுக்கு மகள் ரெண்டு நாள் கூலி?"