கான்சஸிலிருந்து ஒரு ‘நீங்கள்’

என் கணவனுக்கு மூன்று தலைமுறை தாண்டிய பங்காளி
வெர்லின் நைக்ரென், அறுபத்தொன்று, டயர் கடைக்காரன்,
ஜூன் மாதம் வந்து இறங்கினான்,
தொப்பியில் எங்கள் மாவட்டத்துச் சிவப்பு மரக்குதிரையோடு.
அப்படியொன்று எங்கள் வீட்டில் கிடையாது.
சுற்றுலா வருகிறவர்கள் வாங்குவது.

நான் நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள்.
தெரியாதவன் சிரித்தால்
என்ன விற்க வந்திருக்கிறான் என்று யோசிக்கும் ஊர் எங்களுடையது.
அவன் எல்லோரையும் பார்த்துச் சிரித்தான்,
பஸ் நிறுத்தத்தில், பேக்கரியில்,
குப்பை பிரித்துப் போடும் இடத்தில்கூட.

கல்லாவில் இருந்த பெண்ணிடம்
நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றான்.
அவள் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்,
எத்தனை பேரைக் கேட்கிறான் என்று.
பிறகு யோசித்து, உண்மையைச் சொன்னாள்:
முழங்கால் வலி. ஆபரேஷனுக்கு ஏழு மாதக் காத்திருப்பு.
அதற்குள் வாசல்வரை போய்விட்டவன்
திரும்பி வந்து நின்று முழுதும் கேட்டான்.
பதில் வரும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அந்த ‘நீங்களை’ நாங்கள் கழற்றி வைத்து
அரை நூற்றாண்டு ஆயிற்று.
டாக்டர் நீ, பாதிரி நீ, வரி அதிகாரி நீ,
பிரதமர் எதிரே வந்தாலும் நீதான்.
ராஜாவிடம் மட்டும் ஏதோ சுற்றி வளைத்துப் பேசுவோம்.
ராஜாவே இல்லாத நாட்டிலிருந்து இவன்,
எப்போதோ கப்பலேறிய பெட்டியில்
கம்பளிக் காலுறைகளுக்கு நடுவே வைத்த மரியாதையை
மடிப்புக் கலையாமல் எடுத்து வந்திருந்தான்.

அப்புறம் ஐஸ். எதைக் கொடுத்தாலும் ஐஸ் கேட்டான்.
ஐந்து மாதம் உறைந்து கிடக்கும் ஏரி இருக்கிறது எங்களிடம்.
ஐஸ் கட்டி இல்லை.

ஓஸ்தேன் ஷெட்டைத் திறந்து காட்டினான்.
ஐம்பத்தொன்பதாம் வருடத்து ஷெவர்லே, வெளிர்பச்சை.
நெப்ராஸ்காவிலிருந்து கதவு, ஒஹாயோவிலிருந்து கண்ணாடி,
என் சமையலறைக்கு வைத்திருந்த பணத்தில் எஞ்சின்.
சனிக்கிழமை ராத்திரி இப்படிப் பதினான்கு வண்டிகள்
தேர் நகரும் வேகத்தில் எங்கள் கடைத்தெருவைச் சுற்றும்.
வெர்லின் கைகட்டிப் பார்த்தான்.
‘எங்கள் ஊரில் யாரிடமும் இது இல்லை.
நான் ஓட்டுவது கியா.’
ஓஸ்தேன் துணியை எடுத்து
சுத்தமாக இருந்த பம்பரையே துடைத்தான், ரொம்ப நேரம்.

அந்த வண்டியில்தான் கல்லறைக்குப் போனோம்.
மூன்றாவது வரிசை, பிர்ச் மரத்துக்குக் கிழக்கே,
காகிதத்தில் இருந்தபடியே எண்ணி நடந்தான்.
அங்கே வேறு யாருடைய கல்லோ.
அலுவலக இளைஞன் கணினியைப் பார்த்துச் சொன்னான்:
குறிப்பிட்ட வருடங்களுக்கு ஒருமுறை இடத்தைப் புதுப்பிக்க வேண்டும்,
ஐம்பத்திரண்டுக்குப் பிறகு யாரும் கேட்டு வரவில்லை.
ரசீது இல்லாத சாமானைப் பற்றிப் பேசுகிற குரல்.

வெர்லின் புல்லில் உட்கார்ந்தான்.
‘கப்பலேறிய மகன் எங்கள் கோதுமை வயலோரம் கிடக்கிறான்.
கல்லில் இந்த ஊர்ப் பெயர் இருக்கிறது, எழுத்துப் பிழையோடு.
உயிரோடு இருப்பவனுக்கு ஆஸ்பத்திரி பில் வரும்.
செத்தவனை யாரும் கிளப்புவதில்லை.
அவ்வளவு இடம்.’

கல்லாப் பெண்ணின் முழங்காலுக்கு
வீட்டை விற்க வேண்டியதில்லை என்று
சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

புதுக் கல்லில் இருந்த பெயர் சிர்க்கா ஹார்யு.
மர ஆலை வேலைக்கு பின்லாந்திலிருந்து வந்தவள்.
வெர்லின் தொப்பியைக் கழற்றினான்.
முன்னோருக்கு வாங்கிய பூவை அவளுக்கே வைத்து,
அந்தப் பழைய சுவீடிஷில்,
‘மன்னியுங்கள்,
நீங்கள் இங்கே இருப்பது எனக்குத் தெரியாது’ என்றான்.
அவள் ஒருத்திதான் அங்கே.
இந்த முறை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

திரும்பும்போது ஓஸ்தேன் சாவியை அவனிடம் நீட்டினான்.
பத்தொன்பது வருடத்தில் எனக்குக் கொடுத்ததில்லை.
வெர்லின் எதையோ திருக, வைப்பர் ஓடத் தொடங்கியது.
துளி மேகம் இல்லை.
காய்ந்த கண்ணாடியைக் கீறிக்கொண்டே வந்தது வீடுவரை.
நிறுத்தத் தெரிந்தவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்திருந்தான்.